காலண்டர் தாளின் பின்பக்கம்

ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வரலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பியபோது, பெட்டியில் பருப்புப்பொடி, வடகம், அப்பளத்தோடு ஒரு தினசரி காலண்டரையும் வைத்துக்கொண்டேன். காலையில் தேதி கிழிக்காவிட்டால் எனக்கு நாள் தொடங்கிய மாதிரியே இருக்காது. கிழித்த தாளைத் தூக்கிப் போடவும் மனம் வராது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் இருக்கும். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஊரில் அதில் மளிகைக் கணக்கு எழுதுவேன். அங்கே போன இரண்டாவது வாரத்திலிருந்து அதற்கு வேறு வேலை வந்துவிட்டது.

பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளியில் வெள்ளிக்கிழமை தோறும் ஸ்பெல்லிங் டெஸ்ட். அந்த வாரத்துப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். டவுட், ஐலண்ட், லாம், சாலம், திசில், நைட். ஆறு வார்த்தைகள். சந்தேகம், தீவு, ஆட்டுக்குட்டி, பவித்திரமான, ஒரு முள்செடி, குதிரைவீரன். ஆறிலும் எழுதுகிற எழுத்தில் குறைந்தது ஒன்று வாயில் வராது. இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலேயே, சத்தமில்லா எழுத்துகளுக்கு உதாரணமாக இந்த ஆறையும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

"தாத்தா, டவுட்ல எதுக்கு பி? யாருமே அதைச் சொல்றதில்லையே?"

அடுப்படியிலிருந்து மகள் சொன்னாள்: "அது அப்படித்தான் கண்ணு. மனப்பாடம் பண்ணிக்கோ."

அவள்மேல் தப்பில்லை. வேலை முடித்து வந்து தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் "அது அப்படித்தான்" என்ற அந்தப் பதில் என் காதில் ஐம்பத்தைந்து வருஷம் பழையது. ஆறாம் வகுப்பில், ரசீதுக்கான ஆங்கில வார்த்தையில் எதற்கு 'பேப்பர்' பி வருகிறது என்று வாத்தியாரைக் கேட்டேன். அதே பதில் வந்தது, கூடவே பிரம்பால் இரண்டு. அப்புறம் முப்பத்தொரு வருஷம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து ரசீதுதான் எழுதினேன். ஒவ்வொரு புத்தகத்தின் தலைப்பிலும் அந்த பி கொட்டை எழுத்தில் அச்சாகி இருக்கும். ஓய்வு பெற்ற பிறகுதான் சொற்பிறப்பு அகராதிகளைத் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பதில் அங்கே இருந்தது. எந்த வாத்தியாரும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்.

அன்று ராத்திரி, கிழித்து வைத்திருந்த தாளைத் திருப்பி, டவுட் என்று தலைப்புப் போட்டு எழுதினேன்.

1066-இல் நார்மண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபின், அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு வந்து உட்கார்ந்தது. சந்தேகத்துக்கும் கடனுக்கும் ஆங்கிலேயர் இன்று சொல்லும் வார்த்தைகள் அந்த வழியாக வந்தவைதான். பிரெஞ்சிலும் அதில் பி கிடையாது. ஆங்கிலத்தில் முதலில் எழுதியவர்களும் பி போடவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள். பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் லத்தீன் மோகம் பிடித்த படிப்பாளிகள் வந்தார்கள். லத்தீனில் சந்தேகப்படுவது துபிதாரே, கடன் தேபிதும். இரண்டிலும் பி இருக்கிறதே, நம் எழுத்தில் மட்டும் ஏன் இல்லை என்று நினைத்தார்கள். எழுத்தில் பி-யைச் சொருகிவிட்டார்கள். நாக்கு அதை ஏற்கவில்லை. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் ஒரு பள்ளி வாத்தியாரைக் கொண்டுவந்து, "ஜனங்கள் டவுட்டையும் டெட்டையும் பி இல்லாமல் உச்சரிக்கிறார்களே" என்று அவரை அங்கலாய்க்க வைக்கிறார். நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே லண்டன் நாடகக் கொட்டகையில் இது சிரிப்பு மூட்டும் விஷயம்.

காலையில் இதைப் படித்துக் காட்டினேன். பேத்தி தன் ரஃப் நோட்டைக் கொண்டுவந்தாள். முந்தின நாள் பி இல்லாமல் எழுதி, சிவப்பு மையால் சுழித்திருந்த வார்த்தையைக் காட்டி, "அப்போ நான் எழுதினது?" என்றாள்.

"அறுநூறு வருஷத்துக்கு முன்னால எழுதியிருந்தா சரிதான். இப்ப பரீட்சைக்கு பி போட்டுடு."

அவள் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்க்க வேண்டும். தப்பு என்பது வேறு, காலம் தள்ளி வந்த சரி என்பது வேறு. அது புரிந்தபின் அந்த பி-யை அவள் ஒருநாளும் விட்டதில்லை.

என்னுடைய ரசீதின் கதையும் இதேதான். லத்தீன் மூலத்தில் பி இருக்கிறதென்று கொண்டுவந்து வைத்தார்கள். அதே லத்தீன் வேரிலிருந்து வந்த டிசீட் (வஞ்சகம்), கன்சீட் (தற்பெருமை) என்ற இரண்டுக்கும் ஒரு காலத்தில் பி போட்டு எழுதிப் பார்த்தார்கள். அவை இரண்டும் உதறிவிட்டன. ரசீது மட்டும் வைத்துக்கொண்டது. அதற்கு ஒரு நியாயமும் கிடையாது. வாங்கின இரண்டு அடிக்கும்தான்.

ஐலண்டின் எஸ் இன்னும் அநியாயம். டவுட்டின் பி-க்காவது லத்தீனில் ஒரு பூர்வீகம் உண்டு. தீவுக்குப் பழைய ஆங்கிலத்தில் ஈக்லண்ட் என்பது போன்ற ஒரு சொல் இருந்தது; எஸ்-க்கு அதில் இடமே இல்லை. பிரெஞ்சு வழியாக வந்த ஐல் என்ற இன்னொரு சொல்லும் தீவைத்தான் குறிக்கும். அது லத்தீன் இன்சுலாவின் பிள்ளை, அதனால் அதில் எஸ் உண்டு. இரண்டும் உறவு என்று நினைத்து, உள்ளூர்ச் சொல்லிலும் எஸ்-ஐச் சேர்த்துவிட்டார்கள். சம்பந்தமில்லாத குடும்பத்தின் இனிஷியல் ஒட்டிக்கொண்டது. அந்த எஸ் ஒருநாளும் ஒருவர் வாயிலும் ஒலித்ததில்லை.

லாமில் உள்ள பி நிஜமானது, ஒரு காலத்தில் ஒலித்தது. கட்டைவிரலைக் குறிக்கும் தம்மில் இருக்கும் பி பின்னால் வந்து சேர்ந்தது. சாலமின் என் லத்தீனிலிருந்து வந்தது. சாலம்னிட்டி என்று நீட்டிச் சொன்னால் இன்றைக்கும் வெளியே வந்துவிடும். இந்த இரண்டையும் ஒரே தாளில் முடித்துவிட்டேன்.

நைட்டுக்கு மூன்று தாள் ஆனது. எனக்கு ரொம்பப் பிடித்த வார்த்தை. முன்னால் ஒரு கே, நடுவில் ஜி, எச். மூன்றும் இன்று ஊமை. ஆனால் யாரும் இவற்றை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை க்னிஹ்ட் என்று, எல்லா எழுத்தும் கேட்கும்படி சொன்னார்கள். நடுவில் வரும் ஒலி நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே காற்று உரசி வருவது. ஜெர்மன்காரர்கள் 'நான்' என்பதற்கு இஷ் என்கிறார்களே, ஏறக்குறைய அந்த ஒலி. சொல்லின் பொருளும் அப்போது வேறு. பையன், வேலைக்காரன், அவ்வளவுதான். பிறகு பிரபுவுக்கு ஊழியம் செய்யும் ஆள் ஆனது, பிரபுவுக்காகக் குதிரையேறிச் சண்டை போடுகிறவன் ஆனது, கடைசியில் ராஜா கையால் தோளில் வாள் வைத்துக் கொடுக்கப்படும் பட்டம் ஆனது. இதன் உடன்பிறப்பு ஜெர்மனில் க்னெஷ்ட். அது வேலைக்காரனாகவே இருந்துவிட்டது, கே-யையும் விடாமல் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் மட்டும் ஆளுக்குப் பதவி உயர்ந்தது, சத்தம் குறைந்துபோனது. கத்தி, முழங்கால், முடிச்சு இவற்றுக்கான ஆங்கில வார்த்தைகளிலும் கே முன்னால் நிற்கிறது பாருங்கள். எல்லாம் ஒரு காலத்தில் ஒலித்தவைதான். பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் மெல்ல மெல்ல அடங்கிப்போயின.

பேத்திக்கு க்னிஹ்ட் என்று சொல்லிப் பழக ஒரு சாயங்காலம் பிடித்தது. பிறகு வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினாள்.

திசிலில் நடுவில் உள்ள டீயும் முன்பு ஒலித்ததுதான். எனக்கு ஆசை அதன் முதல் ஒலிமேல். இன்று அதற்கு இரண்டு எழுத்து வேண்டியிருக்கிறது. முன்பு ஆங்கிலத்தில் அதற்குத் தனியாக ஓர் எழுத்து இருந்தது, அதன் பெயர் தார்ன், அதாவது முள். முள்செடியின் பெயர் முள் என்ற எழுத்தில் தொடங்கியிருக்கிறது. அச்சு இயந்திரமும் எழுத்துருக்களும் ஐரோப்பாவிலிருந்து வந்தன, அவற்றில் இந்த எழுத்து கிடையாது. கையெழுத்தில் அது ஒய் மாதிரி தெரியும் வழக்கம் ஏற்கெனவே வந்திருந்ததால், அச்சில் சில இடங்களில் ஒய்-யையே போட்டார்கள். பழமை காட்ட வேண்டும் என்று அங்கே கடைகளில் 'யீ ஓல்ட்' என்று பலகை எழுதிவைக்கிறார்களே, அந்த முதல் வார்த்தை நிஜத்தில் 'தி'தான். அந்தக் காலத்தில் யாரும் அதை யீ என்று படித்ததில்லை.

அச்சு என்று வந்துவிட்டதால் காக்ஸ்டனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வில்லியம் காக்ஸ்டன் கெண்ட் பகுதிக்காரர். வியாபாரியாக, இன்று பெல்ஜியத்தில் இருக்கும் ப்ரூஜ் நகரத்தில் பல வருஷம் இருந்துவிட்டு, 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை வைத்தார். பேயைக் குறிக்கும் கோஸ்டில் ஜிக்குப் பிறகு எச் வந்ததும் அந்த அச்சுக்கூடத்திலிருந்துதான், ப்ரூஜ் பக்கத்து மொழியான ஃப்ளெமிஷின் எழுத்துமுறைச் சாயல் அது என்கிறார்கள் மொழி ஆய்வாளர்கள்.

1490-இல் அச்சிட்ட ஒரு புத்தகத்தின் முன்னுரையில் காக்ஸ்டன் ஒரு சம்பவம் எழுதுகிறார். வியாபாரிகள் சிலர் தேம்ஸிலிருந்து கப்பலில் ஜீலாந்துக்கு, இன்றைய நெதர்லாந்தின் கடலோரப் பகுதிக்கு, கிளம்புகிறார்கள். காற்று இல்லை. கப்பல் கரையோரம் நின்றுவிடுகிறது. பசி தாங்காமல் கரையிறங்கி ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்களில் ஷெஃபீல்ட் என்ற வியாபாரி, சாப்பிட ஏதாவது கொடுங்கள், முக்கியமாக முட்டை வேண்டும் என்று எக்ஸ் என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்கிறார். வீட்டுக்காரம்மா, "எனக்கு பிரெஞ்சு தெரியாது" என்கிறாள். வியாபாரிக்குக் கோபம். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது. அவர் கேட்டது ஆங்கிலத்தில்! அப்புறம் இன்னொருவர் குறுக்கே வந்து, ஐரன் வேண்டும் என்கிறார். "அதுவா, நன்றாகப் புரிகிறது" என்கிறாள் அந்த அம்மா.

ஐரன் என்பது தென்பகுதியில் வழங்கிய பழைய சொல். எக்ஸ் என்பது வடக்கிலும் கிழக்கிலும் வந்து குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஒரே நாடு, முட்டைக்கு இரண்டு பேச்சு. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு காக்ஸ்டன் கேட்கிறார்: இந்தக் காலத்தில் ஒருவன் எதை எழுதுவான், எக்ஸா, ஐரனா? எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் பரிவு வரும். கையெழுத்தில் என்றால் ஆளுக்கொரு மாதிரி எழுதிக்கொள்ளலாம். அச்சில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கோக்க வேண்டும். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கோத்தது கோத்தபடி நிலைத்துவிட்டது. எழுத்து இறுகிக்கொண்டிருந்த அதே இருநூறு, முன்னூறு வருஷத்தில் ஆங்கில உயிரொலிகள் இடம் பெயர்ந்துகொண்டிருந்தன. நேம் என்று இன்று சொல்வதை முன்னால் நாமெ என்றார்கள். எழுத்து இன்றும் நாமெதான். நாக்கு நகர்ந்துவிட்டது, அச்சு அங்கேயே நிற்கிறது.

பேத்தி யோசித்துவிட்டுக் கேட்டாள்: "தமிழ்ல இப்படி உண்டா தாத்தா?"

காற்று என்று எழுதிக் காட்டினேன். "இதை நீ எப்படிச் சொல்லுவே?"

"காத்து."

"எழுத்துல?"

எழுத்துக்கூட்டிப் படித்தாள். காற்று. அதில் வரும் றகரத்தை வீட்டில் பேசும்போது நாங்கள் யாரும் சொல்வதில்லை. நேற்று நேத்து ஆகிறது, சோற்றுக் கை சோத்துக் கை ஆகிறது. ஆனால் எழுதும்போது விடுவதில்லை. அவள் அந்தத் தாளைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு பான்பரி ரோட்டில் நடந்தேன். எழுபத்தெட்டாம் எண் வீட்டுக்கு எதிரே ஒரு சிவப்புத் தபால் பெட்டி நிற்கிறது. ஊரில் நூறு பெட்டி இருக்கலாம். இது ஒரு மனிதருக்காக வைத்த பெட்டி. ஜேம்ஸ் மரே, 1837-இல் ஸ்காட்லாந்தின் டென்ஹோம் கிராமத்தில் ஒரு தையற்காரர் மகனாகப் பிறந்தவர். பதினாலு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அவர்தான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஆனார். 1885-இல் இந்த வீட்டுக்குக் குடிவந்தார். போகிற கடிதங்களும் வருகிற கடிதங்களும் அவ்வளவு இருந்ததால் தபால்துறை வாசலிலேயே பெட்டி வைத்துக் கொடுத்தது. 'மிஸ்டர் மரே, ஆக்ஸ்ஃபோர்டு' என்று மட்டும் எழுதினாலே கடிதம் வந்து சேரும்.

அந்தக் கடிதங்களில் வந்தவை சீட்டுகள். 1879-இல் அவர் ஆங்கிலம் படிக்கும் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள் விட்டார். நீங்கள் படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் கண்ணில் பட்டால், பாதித் தாளில் மேலே அந்தச் சொல், அதற்குக் கீழே வருஷம், ஆசிரியர், புத்தகம், பக்கம், அப்புறம் அந்த வாக்கியம் என எழுதி அனுப்புங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு சொல். லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. அவருக்கு முன்னால் இருந்தவர்களிடமிருந்து மூட்டை மூட்டையாக வந்ததில் ஒரு சாக்கில் செத்த எலி கிடந்தது, இன்னொன்றில் ஒரு சுண்டெலி குட்டி போட்டிருந்தது. தோட்டத்தில் இரும்புத் தகடு போட்ட ஒரு கொட்டகை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பார்வை மறைக்கிறதென்று தரையை மூன்றடி தோண்டி இறக்கிக் கட்டினார்கள். ஈரமும் குளிரும் தாங்காமல் மரே கால்களை ஒரு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்வாராம். அவருக்குப் பதினொரு பிள்ளைகள். சீட்டுகளை அகரவரிசையில் அடுக்குவது பிள்ளைகளின் வேலை, அதற்குக் கைச்செலவுக்குக் காசு கொடுப்பார்.

"எவ்வளவு?" என்றாள் பேத்தி உடனே.

பத்து வருஷத்தில் முடியும் என்று தொடங்கிய அகராதி. 1884-இல் முதல் பகுதி வெளியானபோது ஏ-யில் ஆரம்பித்து ஆண்ட், எறும்பு வரை மட்டுமே வந்திருந்தது. முழுதும் முடிந்தது 1928-இல், 4,14,825 சொற்களோடு. மரே அதைப் பார்க்கவில்லை. 1915-இல், டீ எழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது காலமானார். இத்தனை கவனத்திலும் ஒரு சொல் விட்டுப்போனது. பாண்ட்மெய்ட், அடிமைப் பெண். அதன் சீட்டுகள் எங்கோ தவறிப்போய், அந்தப் பகுதி அச்சான பிறகுதான் தெரியவந்தது. 1933-இல் வந்த இணைப்பில் சேர்த்தார்கள். ஆண்டாண்டு காலம் வீட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் உழைத்த ஒருத்தியைக் குறிக்கும் சொல் இப்படித் தொலைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஒரு மாதிரி இருக்கிறது.

நம் சொல்லும் அதில் உண்டு. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், கோரமண்டல் கரையில் ஒரு மரமோ இரண்டு மரமோ சேர்த்த மிதவையைப் பார்த்து எழுதுகிறார், அதைக் கட்டமரான் என்கிறார்கள் என்று. கட்டுமரம்தான். இன்று ஆங்கிலத்தில் அந்தச் சொல் இரட்டை அடிப்பாகம் கொண்ட பந்தயப் படகுக்கும் பெரிய பயணக் கப்பலுக்கும் போய்விட்டது. கட்டின கயிறு போய்விட்டது, பெயரில் மட்டும் கட்டு இருக்கிறது.

பேத்தி தபால் பெட்டியின் வாயில் கையை விட்டுப் பார்த்தாள். தன் சட்டைப் பையிலிருந்து மடித்த ஒரு காலண்டர் தாளை எடுத்தாள். மேலே காற்று, கீழே காத்து, அதற்குக் கீழே அன்றைய தேதி, 'தாத்தா சொன்னது' என்று அவள் கோணல் எழுத்தில் இருந்தது. உள்ளே போட்டுவிடப் பார்த்தாள். விலாசம் இல்லாமல் போடக்கூடாது என்று தடுத்து வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. தாள்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு அவளிடமே விட்டுவிட்டு வந்தேன், அந்த ஒன்றைத் தவிர. நேற்று ராத்திரி போன் செய்தாள். ராணுவ அதிகாரியைக் குறிக்கும் கர்னலில் 'எல்' தானே எழுதுகிறோம், 'ர' எங்கிருந்து வந்தது தாத்தா?

இத்தாலியில் கொலோனெல்லோ, படையணிக்குத் தலைவன். பிரெஞ்சுக்குப் போனபோது இரண்டு 'ல' அடுத்தடுத்து வருவது நாக்குக்குச் சிரமமாகி முதலாவது 'ர' ஆகிக் கொரோனெல் என்றானது. ஆங்கிலேயர் முதலில் வாங்கியது அதை. பிறகு படிப்பாளிகள் இத்தாலிய வடிவத்தைப் பார்த்து எழுத்தை மாற்றினார்கள். பேச்சு பழையபடியே இருந்துவிட்டது. எழுத்து இத்தாலியிலிருந்து, உச்சரிப்பு பிரான்சிலிருந்து.

"இதை நான் எழுதிக்கவா, நீங்க எழுதறீங்களா?" என்றாள்.

"நீயே எழுது," என்றேன். அங்கே தாள் தீர்ந்துவிட்டதாம். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும்.